சேர்ந்து கட்டும் ஆட்டம்: முத்துக்குளித்துறைப் பிள்ளைகளும் குழு நடனமும்

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் ஆடிப் பழகாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஊர்தோறும் குழுக்கள் கிளம்பும்போது காளி, குறத்தி, கரடி, போலீஸ் என்று வேடம் கட்டிய பெரியவர்களுக்கு நடுவே ஐந்து வயதுக் குழந்தைகளும் வேடம் போட்டு, மேளத்துக்கு ஆடிக்கொண்டே போகும். கோடை விடுமுறையில் தேவாலயங்கள் நடத்தும் வேதாகமப் பள்ளிகளில் கையும் காலும் அசைத்துப் பாடும் ‘ஆக்‌ஷன் சாங்’ உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா உண்டு. அங்கன்வாடியில்கூட அபிநயப் பாட்டு இல்லாமல் ஒரு நாள் போகாது.

ஆனால் இத்தனை ஆட்டத்திலும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: பெரியவர் யாரோ முடிவு செய்த அசைவைத் திரும்பச் செய்வது. ஆண்டு விழா நெருங்கினால் டீச்சர் ஒரு சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். நன்றாக ஆடும் பிள்ளை முன்வரிசைக்குப் போகும், தடுமாறும் பிள்ளை பின்வரிசைக்குப் போகும். சில வாரம் ‘ஸ்டெப்’ பழகி மேடை ஏறிக் கைதட்டு வாங்குவார்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடுவதால் அதைக் குழு நடனம் என்கிறோம். அந்த எட்டுப் பேரில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததே இல்லை. எல்லாப் பார்வையும் மேடைக்குக் கீழே நின்று கைகாட்டும் டீச்சர் மேல்தான் இருக்கும்.

ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் தாங்களே கூடி ஓர் ஆட்டத்தைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் ஆசிரியர் எதைச் சொல்லித் தர வேண்டும், எதைச் சொல்லித் தரக் கூடாது? முடியும் என்பதுதான் என் முடிவு. அதற்கு வேண்டிய சரக்கு இந்தக் கரையிலேயே கிடக்கிறது என்பதும் என் உறுதி. ஆனால் இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் அற்பமானவை அல்ல. அவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மரபு. தென் மாவட்டங்களின் ஆட்டங்களில் பெரும்பாலானவை கூட்டு ஆட்டங்கள். கும்மிக்கு வட்டம், ஒயிலாட்டத்துக்குக் கையில் துணி பிடித்த வரிசை. கோவில்பட்டிப் பக்கத்துக் கம்பளத்து நாயக்கர் ஊர்களில் தேவதுந்துபியின் முழக்கத்துக்குத் தேவராட்டம் உண்டு. கன்னியாகுமரிக் கரைப்பக்கம் போனால் கழி கொண்டு அடித்தாடும் களியல். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது ஒழுங்கு உண்டு. தனியொருவரின் திறமையைக் காட்டுவதைவிட, பக்கத்தில் நிற்பவரோடு ஒத்துப் போவதே ஆட்டத்தின் உயிர். கும்மியில் ஒருத்தி கைதட்டுத் தவறினால் வட்டமே தடுமாறும்.

இவற்றில் கல்விக்கு மிகப் பயன்படுவது பின்னல் கோலாட்டம் என்று நினைக்கிறேன். உயரத்தில் கட்டிய கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப் பேர் வலமும் பாதிப் பேர் இடமும் சுற்றி, எதிரே வருபவருக்கு உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையுமாக நுழைந்து போனால் மேலே சடை பின்னிக்கொண்டே வரும். பிறகு அதே வழியில் திரும்பி ஆடினால் பின்னல் அவிழ வேண்டும். எங்கோ ஒருவர் வழி மாறியிருந்தால் அவிழாது, சிக்கும். அப்போது யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, கயிறே சொல்லிவிடும். பிள்ளைகள் தலையை அண்ணாந்து பார்த்து, எங்கே தவறியது என்று தாங்களே பேசிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். சேர்ந்து சிந்திப்பதற்கு இதைவிட நேரான பயிற்சியைப் பாடநூல் எழுதுபவர்கள் இன்னும் கண்டுபிடித்துவிடவில்லை.

கடல் தொழிலிலும் இந்த ஒழுங்கு உண்டு. கரைவலை இழுப்பவர்கள் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு, இழுக்கும் நொடியையும் மூச்சு விடும் நொடியையும் பங்கு பிரித்துத் தருகிறது. தோணி தள்ளும்போதும் இதே முறைதான். முத்துக்குளிப்பில் இரண்டே பேர். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குபவர் ஒருவர். தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் மற்றவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பது மைத்துனன்தான் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தூத்துக்குடியில் 1961-இல் முடிந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோயிற்று. சங்குகுளி இருக்கிறது; திரேஸ்புரத்தில் அதை வீட்டுத் தொழிலாகக் கண்டு வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

மரபை இப்படிப் பேசும்போது ஒரு மறுப்பு எழும். நாட்டார் ஆட்டங்களும் பார்த்துப் பழகுவதுதானே? வாத்தியார் அல்லது அண்ணாவியார் ஆடிக்காட்ட, சின்னவர்கள் பின்னால் நின்று ஒட்டிக்கொள்வதுதானே வழக்கம்? உண்மைதான். சதிராட்டம் முதல் கூத்து வரை தமிழ்நாட்டின் ஆடற்கல்வி பாவனையால் கற்பது. அதைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பில் கொஞ்சம் சரக்கு இல்லாத பிள்ளை எதை வைத்துக் கட்டும்? ஆனால் பழைய ஊர் ஆட்டங்களில் பார்த்துப் பழகிய பிறகு ஒரு கட்டம் இருந்தது. புதிதாகப் பாட்டுக் கட்டுவார்கள், வரிசையை மாற்றுவார்கள், பக்கத்து ஊர்க் குழுவைவிட ஒரு சுற்று அதிகமாகச் சேர்ப்பார்கள். பள்ளிக்கூடம் முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது.

இந்த இரண்டாவது கட்டத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோன தமிழ் முயற்சிகளில் முக்கியமானவை மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையில் நடந்தன. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற சி. மௌனகுரு சிறுவர் நாடகங்களும் செய்தார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளைகளுக்காக ஆடலும் பாடலும் கலந்த நாடகங்கள் எழுதினார். 2000-களில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர் மக்களும் சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற பணியைத் தொடங்கினார்கள். கூத்தில் எது இருக்க வேண்டும், எது மாற வேண்டும் என்பதை அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊராரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அந்த வழியில் சிறுவர் கூத்துகளும் பிறந்தன. அதே மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, கதையையும் பாட்டையும் ஆட்டத்தையும் அவர்களையே உருவாக்கச் செய்தது. அரங்கேற்றத்துக்கு ஆள் பிடிப்பதற்காக அது நடக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் அசைவுக்கு இடம் கொடுக்கப் பழகுவதே அங்கே சிகிச்சையாக இருந்தது.

மேற்கில் இந்தக் கேள்விக்கு வேறு வரலாறு உண்டு. நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபான் ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1938-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எஃப். சி. லாரன்ஸ் என்ற தொழில் ஆலோசகரோடு சேர்ந்து ஆலைத் தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்தார். தூக்குவது, தள்ளுவது, திருகுவது ஆகியவற்றில் எங்கே பாரம், எங்கே வேகம், எங்கே இறுக்கம் என்று பிரித்தார். 1947-இல் அந்த ஆய்வு நூலாயிற்று. அடுத்த ஆண்டே பள்ளிப் பிள்ளைகளுக்கான நடனக் கல்வி பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. அதில் பதினாறு அசைவுக் கருக்கள். உடம்பை அறிவதில் தொடங்கி, துணையோடு ஒத்துப் போவதைக் கடந்து, குழுவாக இயங்குவது வரை அவை ஏறிப் போகும். ஆலைத் தொழிலிலிருந்து பிள்ளைகளின் நடனத்துக்கு ஒரு மனிதர் நடந்து வந்த இந்த வழி உப்பளமும் துறைமுகமும் கரைவலையும் உள்ள ஓர் ஊருக்கு அந்நியமானதே இல்லை.

லாபான் வழிக்குப் பின்னால் எதிர்ப்பும் வந்தது. பிள்ளைகளை ‘காற்றைப் போல ஆடு, இலையைப் போல விழு’ என்று விட்டுவிட்டால் வடிவமற்ற அசைவுதான் மிஞ்சுகிறது, நடனம் ஒரு கலை என்ற கண்டிப்பு போய்விடுகிறது என்றார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. அதற்கு நடனக் கல்வியாளர் ஜாக்குலின் ஸ்மித்-ஆட்டார்ட் 1994-இல் ஒரு நடுவழி சொன்னார்: பிள்ளை படைக்கவும் வேண்டும், படைத்ததைத் திருத்தமாக ஆடவும் வேண்டும், பிறர் ஆடுவதைப் பார்த்துப் பேசவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கல்வி நொண்டும். நம் பள்ளிகளில் நடுவில் உள்ளது மட்டும் நடக்கிறது. பார்த்துப் பேசுவது அறவே இல்லை. கைதட்டு மட்டும் உண்டு.

நம் நாட்டிலும் தேடியவர்கள் இருந்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் அல்மோராவில் நடனக் கலைஞர் உதயசங்கர் நடத்திய கலை மையத்தில் கந்தப்பா பிள்ளையின் பரதமும் சங்கரன் நம்பூதிரியின் கதகளியும் ஒரு பக்கம் கற்பிக்கப்பட்டன. மறுபக்கம் மாணவர்கள் தாங்களாகவே அசைவு தேடும் வகுப்பும் நடந்தது. மையம் 1944-இல் மூடப்பட்டது. அடையாற்றில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியபோது, ஒருவர் ஆடிய பரதம் குழுவின் ஆட்டமாயிற்று. அது பெரிய திருப்பம்தான். ஆனால் குழுவின் ஒவ்வோர் அடியையும் முடிவு செய்தது நெறியாளர். அந்த வழிதான் இன்றுவரை நம் மேடைகளை ஆள்கிறது.

சேர்ந்து அசைவதால் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதில் உளவியலாளர்கள் சில தெளிவான விடைகள் தந்திருக்கிறார்கள். 2010-இல் கிர்ஷ்னர், டோமசெல்லோ இருவரும் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரை ஜோடி ஜோடியாக விளையாட விட்டார்கள். பாதி ஜோடிகளுக்கு ஆட்டமும் பாட்டும் தாளமும் சேர்ந்த விளையாட்டு. மற்றவர்களுக்கு அதே விளையாட்டு, இசை இல்லாமல். அதன்பின் ஒரு பிள்ளையின் கையிலிருந்த கோலிகள் சிதறும்படி செய்தபோது, சேர்ந்து பாடி ஆடிய ஜோடிகளில்தான் மற்றப் பிள்ளை அதிகமாக உதவிக்கு ஓடிற்று. பதினான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரின் தாளத்தோடு ஒத்துக் குதிக்கவைத்தால், பிறகு அந்த ஆளுக்குக் குழந்தை அதிகம் உதவுகிறது என்று 2014-இல் லாரா சிரெல்லியின் குழு கண்டது.

இந்த ஆய்வுகளை மிகைப்படுத்தவும் கூடாது. அவை சேர்ந்து ஆடுவதைப் பற்றியவை. சேர்ந்து படைப்பதைப் பற்றியவை அல்ல. படைப்பதற்கு இன்னும் ஒன்று வேண்டும்: என் அசைவை விட்டுக்கொடுத்து உன்னுடையதை எடுத்துக்கொள்ளும் மனம். 1932-லேயே மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து எழுதினார்: சிறு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடி தனித்தனியாக விளையாடுகிறார்கள், வளர வளரத்தான் பொது நோக்கோடு கூடி விளையாடுகிறார்கள். ஆகவே நான்கு வயதில் ‘குழுவாக ஆட்டம் அமை’ என்பது வீண். அந்த வயதுக்குப் பார்த்துச் செய்வதும் எதிரொலிப்பதும் போதும். முதல், இரண்டாம் வகுப்பில் இரண்டு பேர். மூன்றாம் வகுப்பிலிருந்து நான்கைந்து பேர். ஆறுக்கு மேல் போனால் இரண்டு பேர் வாயடைத்து ஓரம் நிற்பார்கள்.

இனி வகுப்பறை. கரைவலையையே எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளைகள், நாற்பது நிமிடம், பள்ளி முற்றம். முதலில் எல்லாரும் முற்றம் முழுக்க நடக்க வேண்டும், யார் மேலும் படாமல். கைதட்டினால் சிலையாக நிற்க வேண்டும். இது சும்மா உடம்பைச் சூடேற்றுவது அல்ல. நிற்கத் தெரியாத பிள்ளை ஆட்டத்துக்கு ஆரம்பமும் முடிவும் வைக்க முடியாது. அடுத்து ஆசிரியர் அசைவைக் காட்டாமல் கேள்வி கேட்க வேண்டும். வலை எங்கே கனக்கும்? கால் மணலில் எப்படி ஊன்றும்? இழுத்த கயிற்றை யார் சுருட்டுவார்? பிள்ளைகள் உடம்பால் பதில் சொல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஓர் அசைவைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நான்கு பேராகப் பிரிந்து, நால்வரின் அசைவையும் எல்லாரும் கற்க வேண்டும். அதன்பிறகு கட்டளை மூன்றே மூன்று: தொடக்கத்தில் ஒரு சிலை, நடுவில் நான்கு அசைவு, கடைசியில் ஒரு சிலை; ஓரிடத்தில் எல்லாரும் ஒன்றாக ஆட வேண்டும்; ஓரிடத்தில் ஒருவர் தொடங்க மற்றவர் தொடர வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுதான் கற்பித்தல். ‘உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க’ என்றால் பத்து நிமிடத்தில் சண்டையும் சினிமா ‘ஸ்டெப்’பும்தான் வரும். வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஆட்டம் டீச்சருடையதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, எத்தனை அசைவு, எங்கே ஒற்றுமை, எங்கே மாற்றம் என்ற சட்டத்தை மட்டும் ஆசிரியர் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன வைப்பது என்பதைப் பிள்ளைகளிடம் விட வேண்டும். பாட்டைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. முதலிலேயே பாட்டைப் போட்டால் அந்தப் பாட்டின் பட அசைவு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பறையோ, தகர டப்பாவோ, பிள்ளைகளின் கைதட்டோ போதும்.

முத்துக்குளிப்பு இன்னும் நுட்பமான பாடம். இரண்டு பேர், நடுவே ஒரு கயிறு. ஒரு பிள்ளை மெல்லத் தாழ்ந்து தரையில் துழாவ வேண்டும், மற்றது நின்ற இடத்திலேயே கயிற்றின் அசைவுக்குக் காத்திருக்க வேண்டும். கயிறு அசைந்தவுடன் இழுக்க வேண்டும். பிறகு கயிற்றை எடுத்துவிட்டு, இருப்பதாக நினைத்து ஆட வேண்டும். வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘நான்தான் தலைவர்’ என்று துள்ளும் பிள்ளைக்குக் காத்திருப்பதும் ஓர் அசைவு என்று இதில் புரியும். சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று அது.

சண்டை வரும். “டீச்சர், இவ நான் சொல்றத கேக்கவே மாட்டேங்கா” என்ற முறையீடு வராத வகுப்பு இருக்காது. உடனே தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும், சொல்லக் கூடாது. “ரெண்டு பேர் சொன்னதையும் ஆடிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று விட வேண்டும். அசைவை வாயால் வாதாடினால் குரல் உயர்ந்தவர் ஜெயிப்பார். ஆடிப் பார்த்தால் பெரும்பாலும் அசைவே ஜெயிக்கும். அமெரிக்காவில் எலிசபெத் கோஹன் 1986-இல் குழுக்கற்றல் பற்றி எழுதிய நூலில் எச்சரித்தது இதைத்தான்: குழுவில் விட்டால் சமத்துவம் தானாக வராது, வகுப்பில் மதிப்புள்ள பிள்ளையின் சொல் குழுவிலும் எடுபடும், மற்றதன் நல்ல யோசனைகூட அமுங்கிப்போகும். நம் வகுப்பறைகளில் அந்த மதிப்பு படிப்பால் மட்டும் வருவதில்லை. தெரு, சாதி, அப்பாவின் தொழில், உடுப்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆளுக்கொரு அசைவு கட்டாயம் என்ற விதி அதனால்தான் முக்கியமாகிறது. அமைதியான பிள்ளையின் அசைவு இல்லாமல் அந்த ஆட்டம் முடியவே முடியாது.

இங்கே ஒரு சங்கடத்தையும் பேச வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளையை வலை இழுத்து ஆடச் சொல்வதும், உப்பளத் தொழிலாளியின் மகளை உப்பு வாரி ஆடச் சொல்வதும் சரியா? வெயிலில் காலில் வெடிப்போடு உழைக்கும் தாய், ‘நாங்க படுற பாடு போதும், இத எதுக்கு பிள்ளைக்குச் சொல்லித் தாறீங்க’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை வேண்டும். தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டுவதாக ஆட்டம் ஆகிவிடக் கூடாது. ஆகவே பொருளைத் தேர்வதும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஒரு குழு எடுக்கலாம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ராக்கெட்டைத்தான் ஆடுவோம் என்றால் ஆடட்டும். அசைவு எங்கிருந்து வந்தாலும் பாரம், வேகம், திசை என்ற பாடம் ஒன்றேதான்.

ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் கைகோக்கத் தயங்கும் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குத் துணியோ கழியோ கயிறோ நடுவில் கொடுத்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். ஒயிலாட்டத்தின் துணியும் கோலாட்டத்தின் கழியும் அங்கே கைகொடுக்கும். நடனம் என்ற சொல்லுக்கே தயங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் வாதாடுவதைவிட விளையாட்டு வகுப்பிலேயே இதை நடத்துவது நல்லது.

அரசுப் பள்ளிகளின் நிலை முற்றிலும் இருட்டல்ல. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்து, பாட்டையும் ஆடலையும் ஆரம்ப வகுப்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அங்கே ஆடல் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஊழியம் செய்கிறது. தனக்கென்று ஒரு பாடம் ஆகவில்லை. 2012-இல் நியமிக்கப்பட்ட 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்காக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வந்தவர்கள். ஆரம்பப் பள்ளிக்குக் கலையாசிரியர் என்று ஒருவர் இல்லை. கலை சொல்லித் தரும் ஜவகர் சிறுவர் மன்றங்களுக்குப் போக நகரத்தில் இருக்க வேண்டும். ஆகவே வேம்பாற்றிலோ பெரியதாழையிலோ இதைச் செய்யப் போவது தமிழும் கணக்கும் நடத்தும் அதே டீச்சர்தான். நடனம் தெரியாதே என்று அவர் கவலைப்பட வேண்டாம். இந்த முறையில் அவர் ஆடிக்காட்டப் போவதில்லை. கேட்கவும் காத்திருக்கவும் தெரிந்தால் போதும்.

பள்ளிக்கல்வித் துறை 2022-23 முதல் நடத்திவரும் கலைத் திருவிழா இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மிகப் பெரிய மேடை. குழு நடனமும் நாட்டுப்புற ஆட்டமும் அதில் போட்டியாக இருக்கின்றன. அது வந்ததால் பல ஊர்ப் பள்ளிகளில் முதன்முறையாக ஒயிலும் கரகமும் மேடை ஏறின. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் போட்டி என்று வந்ததும் டான்ஸ் மாஸ்டரை அழைப்பதும், நன்றாக ஆடும் எட்டுப் பேரை மட்டும் பொறுக்குவதும் கூடவே வரும்.

சிறு வகுப்புகளுக்கு மட்டுமாவது ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் நடுவர் கீழே இறங்கிவந்து, குழுவில் ஏதாவது ஒரு பிள்ளையிடம், “அந்த மூணாவது அசைவு எப்படி வந்துச்சு?” என்று கேட்கட்டும். “டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க” என்று வந்தால் ஒரு மதிப்பெண். “மொதல்ல அவன் குனிஞ்சு செஞ்சான், எனக்குக் கால் வழுக்குச்சு, அதனால நாங்க சுத்தி வந்து செய்றதா மாத்துனோம்” என்று வந்தால் வேறு மதிப்பெண். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது. குழுவுக்கு இரண்டு நிமிடமும், நடுவர்களுக்கு முன்கூட்டி ஒரு நாள் பயிற்சியும் வேண்டும். முதல் ஆண்டில் பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள். அடுத்த ஆண்டு, அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த டீச்சர்கள் ஜூன் மாதமே பிள்ளைகளை நாலு நாலு பேராக முற்றத்தில் விடத் தொடங்குவார்கள்.